மன்னனுக்குக் காது இருந்ததா?



'ஒரு தலைவனைப் பெரிதும் கெடுப்பவர் பகைவரா, துதிபாடிகளா?' இதுதான் இன்றைய தலைப்பு. ஆறு பேர் பேசி முடித்துவிட்டார்கள். பகைவரே என்று பேசிய அணி, படையெடுத்தவன், கோட்டையை இடித்தவன், முதுகில் குத்தியவன் என்று ஒரு பெரிய கூட்டத்தையே மேடைக்குக் கூட்டிவந்து நிறுத்தியது. துதிபாடிகளே என்று பேசிய அணி, 'ஆமாம் சாமி' போட்டே ஆளைக் கவிழ்த்த கதைகளைச் சொன்னது. கைதட்டல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். நடுவனுக்கு அதனால் லாபம் ஒன்றும் இல்லை. தீர்ப்புச் சொன்னதும் ஓர் அணி என்னோடு சாப்பிட வராது. பல வருஷமாகப் பார்க்கிற சங்கதி.

தீர்ப்புக்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் ஆறு பேரும் வாயைப் பற்றியே பேசினீர்கள். பகைவன் வாயால் மிரட்டினான், துதிபாடி வாயால் புகழ்ந்தான். சரி. தலைவனுக்கு இரண்டு காது இருந்ததே, அது என்ன செய்துகொண்டிருந்தது? நம்முடைய பழைய நூல்கள் தலைவன் என்று பேச ஆரம்பித்தாலே, சுற்றிச் சுற்றி அந்தக் காதுக்குத்தான் வருகின்றன.

வள்ளுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பொருட்பாலில் 70 அதிகாரம். அதில் முதல் 25 அதிகாரம் அரசியல். அதிலும் முதல் அதிகாரம் இறைமாட்சி, அரசனுடைய பெருமை. படை வேண்டும், குடிமக்கள் வேண்டும், செல்வம் வேண்டும், பயம் இருக்கக் கூடாது, கொடுக்கிற மனசு வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். இதெல்லாம் நாமும் எதிர்பார்ப்பதுதான். அதிகாரம் முடியப் போகிறது, இன்னும் இரண்டே குறள் பாக்கி. அங்கே ஒரு போடு போடுகிறார் பாருங்க. காதுக்குக் கசப்பான பேச்சைப் பொறுத்துக்கொள்ளும் குணம் எவனுக்கு இருக்கிறதோ, அவன் குடை நிழலில்தான் உலகம் தங்கும் என்கிறார்! கசப்பு நாக்குக்கு உரிய சுவை. அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் காதிலே வைத்தார் மனுஷர். வேப்பங்கொழுந்தைக் காதால் தின்னப் பழகு என்று ராஜாவுக்குச் சொல்கிறார்.

அதோடு விட்டாரா? பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரம். இடித்துச் சொல்வதற்கு ஆள் இல்லாத அரசன், கெடுக்கிறவன் ஒருத்தன்கூட இல்லாவிட்டாலும் தானாகவே கெட்டுப்போவான் என்று அங்கே தீர்த்துச் சொல்லிவிட்டார். பகைவர் அணித் தலைவர் தம்பி வழக்கறிஞர். அவர் என்னை முறைக்கிறார். முறைத்து என்ன செய்வது தம்பி? பகைவனே இல்லாமல் ஒரு ராஜா கெட முடியும் என்று வள்ளுவர் சாட்சி சொல்கிறார். குறுக்கு விசாரணை செய்ய அவர் இப்போது கிடைக்கமாட்டார்.

இடித்துச் சொல்ல ஆள் இருந்தால் போதுமா? அந்த ஆள் வாயைத் திறக்க விட வேண்டும். நான் பார்த்த ஒரு கல்லூரியில், பேர் வேண்டாம், ஒரு முதல்வர் இருந்தார். 'என் நிர்வாகத்தில் எல்லாரும் மனம்விட்டுப் பேசலாம்' என்று சொல்லி ஆலோசனைப் பெட்டி ஒன்று வைத்தார். எங்கே வைத்தார்? தன் அறை வாசலுக்கு நேர் எதிரே! உள்ளே உட்கார்ந்தபடியே யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று பார்க்கலாம். பூட்டுச் சாவி அவர் மேஜை டிராயரில். வருஷக் கடைசியில் திறந்தார். உள்ளே ஒரே ஒரு சீட்டு. 'பெட்டி நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் சந்தோஷப்பட்டார் என்பதுதான் இதில் விசேஷம்.

சொல்லுகிறவனையும் வள்ளுவர் விடவில்லை. அமைச்சு என்கிற அதிகாரத்தில், எடுத்துச் சொன்னதை ராஜா தள்ளினாலும் சரி, தனக்கே தெரியாத மண்டாக இருந்தாலும் சரி, நல்லதைச் சொல்வது பக்கத்தில் இருக்கிறவன் கடமை என்கிறார். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். காதைப் பற்றிச் சொன்னது அரசியலின் முதல் அதிகாரத்தில். வாயைப் பற்றிச் சொன்னது அந்த 25 அதிகாரமும் முடிந்த பிறகு. பாரம் முதலில் காது மேலேதான்.

இது ஏதோ தமிழனுக்கு மட்டும் தோன்றிய சிந்தனை என்று நினைக்க வேண்டாம். நம் ஊருக்குத் தெற்கே அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டிப் பார்த்தார். ரோமாபுரிச் சரக்கும் பானைச் சில்லுகளும் வந்தன. கிரேக்க மாலுமிக் குறிப்பில் பொதுகே என்று வருகிற துறைமுகம் நம்முடையதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் கிரேக்க நாட்டில் பிளேட்டோ என்று ஒரு ஞானி. இன்றைக்குச் சுமார் 2,400 வருஷத்துக்கு முன்னால், தலைமையைப் பற்றிப் பேசும்போது ஒரு கப்பல் கதை சொன்னார். கப்பலின் சொந்தக்காரர் நல்ல உயரம், நல்ல பலம். ஆனால் காது கொஞ்சம் மந்தம், கண்ணும் மங்கல், கப்பல் ஓட்டத் தெரிந்ததும் அவ்வளவுதான். மாலுமிகள் அவரைச் சுற்றி நின்றுகொண்டு 'சுக்கானை என்னிடம் கொடு, என்னிடம் கொடு' என்று நச்சரிக்கிறார்கள். நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை சொல்லத் தெரிந்தவனை, வேலையற்று வானத்தைப் பார்க்கிறவன் என்று கேலி செய்கிறார்கள்.

பாருங்க, அங்கேயும் காது மந்தம்! இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கப்பல்காரரைப் பிளேட்டோ ராஜாவுக்கு உவமையாகச் சொல்லவில்லை. மக்களுக்கு உவமையாகச் சொன்னார். ஓட்டுப் போடுகிற நமக்குத்தான் அந்த மந்தக் காது. நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் வேட்பாளரைச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறீர்கள்.

சரி, கப்பல் வந்து இறங்கிய ஊருக்கே வருவோம். புதுச்சேரியில் நின்றுகொண்டு தலைவனின் காதைப் பற்றிப் பேசினால் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பேசாமல் போக முடியாது. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர், இந்த ஊருக்கு வந்து பெரிய வியாபாரி ஆனவர், 1747-இல் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷ் ஆனவர். 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்த நாட்குறிப்பை, நடுவே விட்ட நாட்கள் போக, ஏறக்குறைய 25 வருஷம் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எந்த நவாபு என்ன கேட்டான், கவர்னர் எந்த முகத்தோடு இருந்தார், எல்லாம் அன்றாடம் பேசுகிற தமிழிலே. நம்ம ஊர் எழுத்தாளர் பிரபஞ்சன் அதிலிருந்து இரண்டு நாவல் செய்தார். அதில் ஒன்றான 'வானம் வசப்படும்' 1995-இல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கியது. படிக்காதவர்கள் படியுங்கள்.

துபாஷ் என்றால் இரண்டு பாஷை அறிந்தவர். துரை பேசுவதை ஊருக்குச் சொல்ல வேண்டும், ஊர் பேசுவதைத் துரைக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பதவி ஒழிந்துபோய்விட்டது என்று யாராவது நினைத்தால் தவறு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துபாஷ் உண்டு. யார்? அம்மா! பையன் கணக்கில் தோற்றுவிட்டான். அப்பாவிடம் அவன் நேரே சொல்வானா? 'நீ சொல்லும்மா' என்பான். அந்த அம்மா போய், 'ஏங்க, பையனுக்கு இந்தத் தடவை மார்க்கு கொஞ்சம் கம்மி போல' என்பார். 18 மார்க்கு, மொழிபெயர்ப்பில் 'கொஞ்சம் கம்மி' ஆகிவிட்டது. அப்பா 'சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று பேப்பரைத் திருப்புவார். தன் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அந்த மனுஷர் நம்பிக்கொண்டிருக்கிறார். அம்மா ஏன் அப்படிச் சொன்னார்? பொய் சொல்ல ஆசையா? உள்ளதைச் சொன்ன அன்றைக்குத் தட்டு பறந்தது, அதனால்!

பிள்ளை நிலைமையும் அதுதான். அவர் காலத்துக் கவர்னர் டூப்ளே, 1742 முதல் 1754 வரை. பெரிய மூளைக்காரர், பெரிய கனவுக்காரர். 1746-இல் சென்னைப்பட்டினமே பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அவர் மனைவி ழான் அம்மாள் இந்த ஊரிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். ஆக, டூப்ளேவுக்கு ஆபீசில் ஒரு துபாஷ், வீட்டிலும் ஒரு துபாஷ்! இரண்டு துபாஷுக்கும் ஆகாது. நிர்வாகத்தில் அந்த அம்மாள் தலையிடுவதையும் அதைச் சுற்றி நடந்த கைக்கூலி விவகாரத்தையும் பிள்ளை தன் குறிப்பில் மனம் கசந்து எழுதுகிறார். இதையெல்லாம் கவர்னர் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்ததா? நேரில் கவர்னரை வானளாவப் புகழ்கிறார். புகழ்ந்ததையும் எழுதுகிறார், புகழ்ந்துகொண்டே மனசுக்குள் நினைத்ததையும் எழுதுகிறார். வாயில் ஒன்று, ஏட்டில் ஒன்று.

துதிபாடி என்று பிள்ளைமேல் கல்லெறிய எனக்கு மனசு வரவில்லை. அரசனோடு பழகுவதைக் குளிர்காய்வதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். நெருங்கினால் சுடும், விலகினால் குளிரும். பிள்ளை அந்த நெருப்பின் பக்கத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்த மனுஷர். உண்மையை எரியவிடாமல் காப்பாற்ற அவருக்குக் கிடைத்த இடம் அந்தக் காகிதம் ஒன்றுதான். அதை அன்றைக்குப் படிக்க வேண்டியவர் படிக்கவில்லை. 1846-இல்தான் அந்த ஏடுகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. டூப்ளேவை 1754-இல் பாரிசுக்குத் திரும்ப அழைத்தார்கள். 1763-இல் அங்கே வறுமையில் இறந்தார். இன்றைக்குக் கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் பேரில் இருந்த வீதி நேரு வீதி ஆகிவிட்டது. ரங்கப்பிள்ளை வீதி மட்டும் ரங்கப்பிள்ளை வீதியாகவே இருக்கிறது. அதை நான் ஒரு தீர்ப்பாகச் சொல்லவில்லை. பெரிய மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கவனித்ததைச் சொல்கிறேன்.

இப்போது இந்த வாய்க்கு எதிர் வாய் ஒன்றைக் காட்டுகிறேன். சங்க காலம். சோழர் குடியிலேயே இரண்டு பேருக்குச் சண்டை, நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி. ஆவூர்க் கோட்டையை நலங்கிள்ளி வளைத்துக்கொண்டான். நெடுங்கிள்ளி உள்ளே. கதவைச் சாத்திக்கொண்டான், சண்டைக்கும் வரவில்லை, சரணும் அடையவில்லை. கோவூர் கிழார் என்கிற புலவர் அவனிடம் போகிறார். புறநானூற்றில் 44-ஆம் பாட்டு. போய் என்ன சொல்ல வேண்டும்? 'மன்னா, உன் மதில் உயர்ந்தது, உன் பொறுமை பெரிது' என்று பாடியிருந்தால் நல்ல பரிசு கிடைத்திருக்கும். அவரோ கோட்டைக்குள்ளே தன் கண்ணால் பார்த்ததை அப்படியே அடுக்குகிறார். யானைக்குத் தீனி இல்லை, குளிப்பாட்டக் குளம் இல்லை, துதிக்கை தரையில் புரளப் பிளிறுகிறது. குழந்தைக்குப் பால் இல்லாமல் அழுகிறது. பெண்கள் தலையில் பூ இல்லை. வீட்டில் தண்ணீர் இல்லை. இதற்கு நடுவே நீ இங்கே சுகமாக உட்கார்ந்திருக்கிறாயே! அறவழி நடப்பவன் என்றால் ஊரைக் கொடுத்துவிட்டுக் கதவைத் திற. வீரன் என்றால் சண்டைக்குக் கதவைத் திற. இரண்டும் இல்லாமல் மதிலுக்குப் பின்னால் பதுங்குவது பார்க்கவே வெட்கமாக இருக்கிறது என்று முடிக்கிறார்.

எப்படி? ராஜாவைப் பார்த்து, ராஜாவின் கோட்டைக்குள்ளே, ராஜாவின் வாளுக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு! இந்த நெடுங்கிள்ளி ஒன்றும் சாது இல்லை. வேறொரு சமயம் இளந்தத்தன் என்கிற புலவர் எதிரி ஊரிலிருந்து வந்தார் என்பதற்காக ஒற்றன் என்று நினைத்துக் கொல்லப் போனவன். அப்போதும் குறுக்கே போய்ப் பாடிக் காப்பாற்றியது கோவூர் கிழார்தான். யானைக் காலில் இடற இருந்த மலையமானின் பிள்ளைகளைக் கிள்ளிவளவனிடமிருந்து காப்பாற்றியதும் இவர்தான். 44, 45, 46, 47 என்று அடுத்தடுத்து நாலு பாட்டு, நாலும் இவர் பாடியது, நாலிலும் ஒரு ராஜாவுக்குப் பிடிக்காத சேதி.

இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல்? பிள்ளையைவிட இவர் பெரிய வீரர் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்து மன்னர்கள் புலவனுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். பரிசு வாங்குகிற அதே கை ராஜாவை நோக்கி விரலையும் நீட்டலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு யானையும் நெல்வயலும் காட்டி வரிப்பாடம் நடத்தியது உங்கள் எல்லோருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையே சொல்லும், நான் விட்டுவிடுகிறேன். அந்தக் கசப்பைக் கேட்ட மன்னர்கள் பாட்டுக்களைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. பின்னால் அவை தொகுக்கப்பட்டன. அதனால்தான் நமக்குக் கிடைத்தன. நெடுங்கிள்ளியைப் பழைய குறிப்பு 'காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி' என்று சொல்கிறது. காரியாற்றில் விழுந்தவன் என்று அர்த்தம். கதவுக்குப் பின்னால் இருந்து சாகவில்லை. வெளியே வந்துதான் செத்தான்.

இதே காட்சி, இதே முற்றுகை, இதே பசி, நம்ம ஊரிலே 1760-இல் நடந்தது. கோவூர் கிழார் மட்டும் இல்லை.

1758 ஏப்ரல் 28-ஆம் தேதி லல்லி பிரபு இங்கே வந்து இறங்கினார். அயர்லாந்து வம்சம், பிரெஞ்சுப் படைத் தளபதி. 1745-இல் ஐரோப்பாவில் ஃபான்ட்நுவா சண்டையில் பேர் எடுத்த வீரர். கம்பெனியில் மலிந்திருந்த ஊழலை ஒழிக்க வேண்டும் என்ற உத்தரவோடு வந்தவர். கவனியுங்கள், வீரம் உண்டு, ஊழலுக்குப் பகை, உழைப்புக்கு அஞ்சாதவர். நாம் தேர்தல் நேரத்தில் தேடுகிற அத்தனை குணமும் இருக்கிறது! வந்த சுருக்கில் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஜூன் மாதமே பிடித்துவிட்டார்.

ஒரே ஒரு குறை. யார் சொல்லும் அவர் காதில் ஏறாது. சுமை தூக்க ஆள் இல்லையா? ஊர் மக்களில் அகப்பட்டவரையெல்லாம் பலவந்தமாகப் பிடித்துவா என்றார். அவர் தொழில் என்ன, ஊர் வழக்கம் என்ன, எதையும் கேட்கவில்லை. மக்கள் மனம் அன்றைக்கே விட்டுப்போயிற்று. தஞ்சாவூர் மேல் படையெடுத்துப் போகிற வழியில் கீவளூர்க் கோயிலில் புதையல் தேடிச் சூறையாடினார். அங்கே ஆறு அந்தணர்களை ஒற்றர் என்று சந்தேகித்துப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். இந்த நாட்டைப் பல வருஷம் அறிந்த புஸ்ஸி கூடவே இருந்தார், அவரை நம்பவில்லை. கவுன்சில்காரர்களைத் திருடர்கள் என்றார்; அதில் உண்மையும் இருந்தது, ஆனால் நாளைக்கு அவர்களோடுதானே ஊரைக் காப்பாற்ற வேண்டும்? கடற்படைத் தலைவர் தாஷேயோடு ஒத்துப்போகவில்லை. 1759-இல் அவர் கப்பல்களோடு மொரீஷியஸ் பக்கம் போய்விட்டார். இந்த ஊரையே விவிலியத்தில் சாபம் வாங்கி அழிந்த பட்டணத்தோடு ஒப்பிட்டுக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரில் தோல்வி. சென்னை முற்றுகையில் தோல்வி. 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் கூட் என்கிற ஆங்கிலத் தளபதியிடம் பெருந்தோல்வி, புஸ்ஸி கைதியானார்.

அப்புறம் கூட் புதுச்சேரியை வந்து வளைத்தார். உள்ளே தானியம் குறைகிறது. நவம்பர் மாதக் கடைசியில் லல்லி ஒரு முடிவெடுத்தார். சாப்பிடுகிற வாயைக் குறைக்க வேண்டும். ஊரில் இருந்த நம் மக்கள், ஆண், பெண், குழந்தை, கிழவர், சுமார் 1,400 பேரைக் கோட்டைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். எதிரே ஆங்கிலேயர் படை, அவர்களும் வழிவிடவில்லை. பின்னால் சொந்த ஊர், உள்ளே விடவில்லை. இரண்டு பீரங்கி வரிசைக்கு நடுவே, வெட்ட வெளியில் எட்டு நாள். தாய்மார்களே, எட்டு நாள்! கடைசியில் மனமிரங்கி வழிவிட்டது யார் தெரியுமா? பகைவரின் தளபதி கூட்.

பகைவர் அணித் தம்பி, இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த எட்டு நாளில் லல்லியின் முன்னே போய் நின்று, 'கொடுப்பதானால் கதவைத் திற, சண்டையானால் கதவைத் திற' என்று கேட்கிற ஒரு வாய் இருந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு 1756-லேயே பதவி போய்விட்டது. வயசும் நோயுமாகப் படுத்துவிட்டார். நகரம் விழுந்த அதே 1761 ஜனவரியில் அவரும் காலமானார். ஜனவரி 1-ஆம் தேதி பெரும் புயல் அடித்து ஆங்கிலேயர் கப்பல்களைச் சிதறடித்தது. கடலே ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அதைப் பயன்படுத்த உதவிக் கப்பல் இல்லை. 16-ஆம் தேதி ஊர் சரணடைந்தது. லல்லி கைதியாகக் கோட்டையை விட்டு வெளியே வந்தபோது கூச்சல் போட்டு வைதது யார்? அவருடைய சொந்த அதிகாரிகள்! மூன்று வருஷமாக அவர்கள் தொண்டைக்குள் நின்றது அத்தனையும் அன்றைக்கு வெளியே வந்தது. பிறகு ஆங்கிலேயர் இந்த நகரத்தை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்றைக்கு நீங்கள் பார்க்கிற வெள்ளைக்காரத் தெருவெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழும்பியது.

லல்லி கதை அதோடு முடியவில்லை. பாரிசில் விசாரணை நடந்தது, துரோகி என்று தீர்ப்பாயிற்று. 1766 மே 9-ஆம் தேதி தலையை வெட்டினார்கள். போகிற வழியில் பேசிவிடக் கூடாது என்று அவர் வாயை அடைத்துக் கட்டித்தான் கொண்டுபோனார்கள். யாரையும் பேசவிடாத மனுஷருக்கு அந்த நாளில் பேச விஷயம் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. இதிலே எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அவர் துரோகி இல்லை என்று வோல்டேர் என்கிற பிரெஞ்சு ஞானி எழுதினார், பிள்ளையும் போராடினார், 1778-இல் தீர்ப்பு ரத்தாயிற்று. எனக்கும் அவர் துரோகி என்று தோன்றவில்லை. காது இல்லாத நல்ல வீரர். துரோகியைவிட அது ஆபத்து. துரோகியை ஊர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

'அப்படியானால் காதைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடுமா நடுவரே?' என்று ஓர் அம்மா சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. ஆகாது அம்மா. சிலப்பதிகாரத்துப் பாண்டியனைப் பாருங்கள். ராணி கோபித்துக்கொண்டு போய்விட்டாள். சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில் இருக்கிறான். பொற்கொல்லன் வந்து 'திருடன் அகப்பட்டான்' என்கிறான். காது திறந்துதான் இருந்தது! எதற்குத் திறந்திருந்தது? தனக்குச் சௌகரியமான சேதிக்கு. ராணியின் சிலம்பு கிடைத்தால் ஊடல் தீருமே! விசாரணை இல்லை, சாட்சி இல்லை. கோவலன் உயிர் போயிற்று.

அதே ராஜா வாசலில் மறுபடி ஒரு குரல். தலைவிரி கோலமாக ஒரு பெண். வாயிற்காவலன் நடுங்கிப்போகிறான். ஆனால் மறைக்காமல், மெருகு போடாமல் உள்ளதைப் போய்ச் சொல்கிறான். அந்தக் காவலனுக்கு நான் ஒரு சிலை வைப்பேன். அவன் நம்ம வீட்டு அம்மா மாதிரி மொழிபெயர்த்திருந்தால், 'யாரோ ஓர் அம்மா வந்திருக்காங்க, நாளைக்கு வரச் சொல்லட்டுமா' என்று போயிருக்கும். 'வரச் சொல்' என்றான் பாண்டியன். அவள் மரியாதை இல்லாமல்தான் பேசினாள். கேட்டான். சிலம்பு உடைந்தது, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தது. 'காவலர்கள் தப்புப் பண்ணிவிட்டார்கள், விசாரணைக் கமிஷன் போடுகிறேன்' என்று சொல்லவில்லை. தப்பு தன்னுடையது என்று அந்த இடத்திலேயே விழுந்து செத்தான். மதுரை என்னவோ எரிந்துதான் போயிற்று. ஒரு நாள் தாமதமாகத் திறந்த காதுக்கு அதுதான் விலை. இருந்தாலும் இளங்கோ அவனை மோசமான அரசன் என்று எழுதவில்லை, பாருங்கள்.

இனித் தீர்ப்பு. பகைவர் கெடுப்பதற்கு மதில் ஏற வேண்டும், பீரங்கி வேண்டும், மாதக் கணக்கில் முற்றுகை வேண்டும். துதிபாடிக்கு ஒரு நாற்காலி போதும். ஆகவே 'துதிபாடிகளே' என்று பேசிய அணிக்கு நான் தீர்ப்பளிக்கிறேன். ஆனால் முழு மார்க்குக் கிடையாது. துதிபாடியை யாரும் வெளியூரிலிருந்து இறக்குமதி செய்வதில்லை. உண்மையைச் சொன்னவனை ஒரு தடவை முறைத்துப் பாருங்கள், அடுத்த நாள் உங்களைச் சுற்றி நாலு துதிபாடி முளைத்திருப்பான். அதில் மூன்று பேர் நேற்றுவரை நல்ல மனுஷர்களாக இருந்தவர்கள். வீட்டிலும் அப்படித்தான், ஆபீசிலும் அப்படித்தான், கோட்டையிலும் அப்படித்தான். அதனால் அந்த அணிக்கு வரவேண்டியதில் பாதியைத் தலைவனுடைய காதின் பேரில் பற்று எழுதிவிடுகிறேன்.

பகைவர் அணித் தம்பி கையைத் தூக்குகிறார். தீர்ப்பு தப்பு என்கிறார். நடுவர் பேசிய பிறகு யாரும் பேசுவது இந்த மேடையில் வழக்கம் இல்லைதான். பரவாயில்லை. ஐயா, அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள்.